வைகாசி மாதத்தில் வயலுக்கு வரும் தும்பிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பறவைகளும்

சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும்போது காவிரிப் படுகையின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். சம்பா, தாளடித் தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் களம் கண்டு வீடு சேர்ந்திருக்கும். எள்ளும் கோடைப் பருத்தியும் நிற்கும் வயல்கள் நீங்கலாக மற்றவை கத்தரி வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகத் தோன்றும். இம்மாதத்தில் விவசாயிக்கு வயலில் யாது வேலை என்று அநேகர் எண்ணுவது இயல்பே. ஆயினும் குழாய்க் கிணறு உடையோர் முன்பட்ட குறுவை நட்டிருக்கும் காலம் இது. சுற்றிலும் காய்ந்த பூமியின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைத் திட்டுகள் இருப்பதால், வட்டாரத்துப் பூச்சிகளும் அவற்றைத் தின்று வாழும் பிராணிகளும் அத்திட்டுகளிலேயே வந்து கூடுகின்றன. வருஷம் முழுவதும் பரந்த வெளியில் சிதறி நடக்கும் காரியம் இம்மாதத்தில் ஒரு வரப்பில் நின்றே காணக் கிடைக்கிறது. அதைக் கண்டு குறித்துக்கொள்வோருக்குப் பூச்சிமருந்துச் செலவில் உண்டாகும் மிச்சம் சொற்பமானதன்று.

உதாரணமாக, குடமுருட்டியாற்றின் பாசனத்தில் ஒரு வேலி நிலம் வைத்திருக்கும் மிராசுதார் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வயது அறுபதுக்கு மேல். சென்ற சம்பாவில் இலைச்சுருட்டுப்புழு கண்டவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை மூன்று முறை அடித்தார். புழு அடங்கியது. ஆனால் மார்கழியில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து, தீயிட்டதுபோல் பழுப்பாயிற்று. புகையான்! ஆறு மா நிலத்தில் வைக்கோல்கூடத் தேறவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மனைவியின் நகையை வைத்து வாங்கிய பணம் அப்படியே நிற்க, அந்த நகையை மீட்பதற்கென்றே இவ்வருஷம் சித்திரை 20-ந் தேதி ஆடுதுறை 43 ரகத்தைக் குறுவையாக நட்டார். இனி ஒரு முறை அவ்வாறு நேர்ந்தால் தாங்க முடியாது என்பதை வீட்டார் எல்லோரும் அறிவர். வாயால் மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

வைகாசி முதல் தேதியிலிருந்து அவர் நாள்தோறும் விடியற்காலையில் ஒரு நாழிகையும் மாலையில் ஒரு நாழிகையும் மோட்டார்க் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கண்டதை எழுதிவைக்கத் தொடங்கினார். முதல் வாரத்தில் எழுதியவற்றுள் பெரும்பகுதி கரிச்சானைப் பற்றியதே. இரட்டைவால் குருவி என்றும் இதற்குப் பெயர். மின்கம்பியில் உட்கார்ந்து பயிரை நோக்கியபடி இருப்பதும், திடீரென அம்புபோல் இறங்கி ஓர் அந்துப்பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே இடத்திற்குத் திரும்புவதும் இதன் வழக்கம். சித்திரை முதல் ஆடி வரை இது குஞ்சு பொரிக்கும் காலமாதலால், இம்மாதத்தில் அதன் பசி இரட்டிப்பாக இருக்கிறது. கொட்டகைக்கு மேற்கேயுள்ள வேம்பின் கிளைக் கவட்டில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. காக்கையோ பருந்தோ அப்பக்கம் தலைகாட்டினால் இச்சிறு பறவை துரத்திச் சென்று முதுகில் கொத்தி விரட்டும். அதன் வீரத்தை நம்பிப் புறா முதலிய சாதுவான பறவைகளும் அதே மரத்தில் கூடு கட்டிக்கொள்வதுண்டு.

மிராசுதார் கவனித்தது யாதெனில், மின்கம்பிக்கு அருகிலுள்ள நாலைந்து பாத்திகளிலேயே கரிச்சான் வேட்டையாடுகிறது, வயலின் நடுவுக்குச் செல்வதில்லை என்பதே. காரணம் எளிது. உட்கார இடமில்லாத பறவை வேட்டைக்கு வராது. ஆகவே மூங்கில் கழிகளைத் தறித்து, உச்சியில் ஒரு முழக் குறுக்குக் கட்டை கட்டி, பயிர் மட்டத்திற்கு மேல் ஒரு முழம் தெரியும்படி ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நட்டார். ஹெக்டேருக்கு 40 முதல் 50 கழிகள் என்பது வேளாண்மைத் துறையினர் சொல்லும் கணக்கு. மூன்றாம் நாளே கரிச்சான்கள் அவற்றில் அமர்ந்தன. பச்சைப் பஞ்சுருட்டானும் மைனாவும் பின்னர் வந்தன. செலவு கூலியாள் ஒருவரின் அரை நாள் வேலையே.

பறவைகளைவிட அதிகமாகப் பிரயோஜனம் தருவனவும், அதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவனவும் தும்பிகளாம். தட்டான், தட்டாம்பூச்சி என்று குழந்தைகள் அழைப்பது இவற்றையே. வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறையாதலால், மிராசுதாரின் பேரப்பிள்ளை தும்பியின் வாலில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தூக்கவைக்கும் பழைய விளையாட்டில் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தான். அதைக் கண்டித்த தாத்தா, அவனையே தும்பிகளை எண்ணும் உத்தியோகத்தில் அமர்த்திவிட்டார். கண்டிப்பைவிட இது அதிகப் பயன் தந்தது.

தும்பிக்கு மற்ற பல பூச்சிகளைப்போல் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டை நீரிலோ நீர்ச்செடியிலோ இடப்படுகிறது. அதிலிருந்து வரும் இளம்பூச்சி நீருக்குள்ளேயே வளர்கிறது. அதன் கீழுதடு மடித்து வைக்கப்பட்ட கைபோன்றது. இரை அருகில் வந்ததும் அது நொடிப்பொழுதில் நீண்டு பற்றிக்கொள்ளும். கொசுப்புழுவும் தலைப்பிரட்டையும் சிறு மீன்குஞ்சுங்கூட இதற்கு ஆகாரம். அபாயம் நேர்ந்தால் உடலின் பின்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சி, அந்த விசையால் முன்னே பாயும். வளர்ச்சி முடிந்தபின் ஓரிரவில் நெல்லின் தாளைப் பற்றி மேலேறி, முதுகு வெடித்துச் சிறகுடன் வெளிப்படுகிறது. விடியற்காலையில் வரப்போரப் பயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் தோலைக் கண்டு, பயிரைத் தின்ன வந்த ஏதோ புழுவின் கூடு என்று மருந்து அடித்தவர்களும் உண்டு. பேரப்பிள்ளை ஒரே வரப்பில் பதினேழு தோல்களை எண்ணி, தீப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தான்.

சிறகு முளைத்த தும்பி தன் ஆறு கால்களையும் கூடைபோல் குவித்துப் பறக்கும்போதே இரையைப் பிடிக்கிறது. துரத்தியதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் தப்பவிடுவதில்லை என்று பரீட்சை செய்தவர்கள் கூறுகின்றனர். சிங்கமும் வேங்கையும் இதற்கு ஈடாகா. இரையின் பின்னே ஓடாமல், அது போய்ச் சேரும் இடத்தைக் கணித்து அங்கே சென்று மறிப்பதே இதன் உபாயம். குருத்துப்பூச்சியின் அந்து, இலைச்சுருட்டியின் அந்து, கொசு, ஈ ஆகிய யாவும் இதற்கு ஒன்றே.

உலகில் தும்பியினம் ஆறாயிரத்துக்கு மேல். இந்தியாவில் காணப்படுவன ஏறக்குறைய 500. ராணுவ வைத்தியராயிருந்த ப்ரேஸர் என்பவர் 1933 முதல் 1936 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட நூல் இந்நாட்டுத் தும்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இன்றும் அஸ்திவாரமாக இருக்கிறது. விவசாயி அவ்வளவு பெயர்களையும் அறியவேண்டிய அவசியமில்லை. நாலைந்தை அடையாளம் கண்டால் போதும். உட்காரும்போது சிறகை விரித்து வைப்பது தும்பி, முதுகின்மேல் சேர்த்து மடித்து வைப்பது ஊசித்தட்டான். நீர் தேங்கிய வயலோரம் செக்கச்செவேலென்று இருப்பது ஒன்று. பச்சையும் கறுப்புமாக ஒல்லிய இடையோடு, தன் இனத்தையே பிடித்துத் தின்னும் முரடன் ஒன்று. மோட்டார்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாமலிருப்பது ஒன்று. சாக்கடை நீரில் பெருகும் செம்பழுப்புத் தும்பி வாய்க்காலில் மிகுந்தால், அவ்வாய்க்காலில் அழுக்கு ஜலம் கலக்கிறது என்று ஊர் அதிகாரிகள் அறிந்துகொள்ளலாம்.

கோடை மழைக்கு முன்னும் பின்னும் ஓரிடத்திலும் உட்காராமல் கூட்டங் கூட்டமாகக் களத்துமேட்டில் மிதந்து திரியும் மஞ்சள் நிறத் தும்பியைப் பற்றிக் கிராமங்களில் உள்ள நம்பிக்கை யாவரும் அறிந்ததே. தாழப் பறந்தால் மழை என்பர். காற்று ஈரமானால் சிறு பூச்சிகள் தாழ்ந்து பறப்பதும், அவற்றைப் பின்பற்றித் தும்பி இறங்குவதும் உண்டாகையால் இதில் ஓரளவு பொருளுண்டு. வாய்க்கால் வெட்டுவதை ஒத்திப்போடும் அளவுக்கு நம்பத்தக்கதன்று. இத்தும்பி காற்றோடு காற்றாகப் பெருந்தூரம் செல்லவல்லது. இந்தியாவிலிருந்து மாலத் தீவுகளின் வழியே கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை செல்கிறது என்ற முடிவை 2009-ல் ஆண்டர்சன் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். மழை நீர் தேங்கிய குட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் இதன் இளம்பூச்சி முழு வளர்ச்சி அடைந்துவிடுமாதலால், குட்டை வற்றுமுன் பறந்துபோக இதற்கு அவகாசம் கிடைக்கிறது. பளபளக்கும் மோட்டார் வண்டியின் கூரையை நீர்ப்பரப்பென்று மயங்கி அதில் முட்டையிட முயல்வதும் உண்டு. இவ்வளவு கூர்மையான கண் படைத்த பிராணி ஏமாறும் இடம் இது ஒன்றே போலும்.

நெல் வயலுக்கு மிகவும் உபகாரமானது ஊசித்தட்டான். மற்றத் தும்பிகள் பயிருக்கு மேலே வேட்டையாட, இது பயிருக்குள் நுழைந்து தாளுக்குத் தாள் மெல்லப் பறந்து, அங்கே ஒட்டியிருக்கும் தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் புகையான் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கிறது. பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1987-ல் வெளியிட்ட ‘நெல் விவசாயியின் நண்பர்கள்’ பற்றிய கையேட்டில் சிலந்திகளுக்கும் பொறிவண்டுகளுக்கும் அருகில் இதற்கும் இடம் தந்திருக்கின்றனர்.

வைகாசி 10-ந் தேதி காலையில் இலைகளில் வெள்ளைக் கோடுகள் தென்பட்டன. சுருட்டிய இலையைப் பிரித்தால் உள்ளே பச்சையைச் சுரண்டித் தின்னும் பசும்புழு. நட்டு இருபத்திரண்டு நாள். சென்ற சம்பாவில் தொடங்கியதும் இவ்வாறே.

மிராசுதாரின் தம்பி மகன் விவசாயத்தில் ஊக்கமுள்ளவன். மத்தியானத்துக்குள் கடைக்குச் சென்று, கடனுக்கு இரண்டு புட்டி மருந்தும் கைத்தெளிப்பானும் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டான். “பெரியப்பா, இன்று சாயங்காலமே அடித்துவிட்டால் நல்லது. நாளை என்றால் பயிர் முழுவதும் வெளுத்துப்போகும்” என்றான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “சம்பாவிலும் இதையே சொன்னாய், தம்பி. அப்போது நானும் எண்ணிப் பார்க்கவில்லை. இம்முறை எண்ணிப் பார்த்துவிட்டு அடிப்போம்” என்றார். பையனின் முகம் சுருங்கிற்று. அவன் சொல்வதிலும் நியாயமுண்டு. கண்முன்னே புழு தின்னக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எந்த விவசாயிக்கும் எளிதன்று. அன்றிரவு பெரியவருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினால் மிகையாகாது.

எண்ணும் முறை பின்வருமாறு. வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து, இடையிடையே இருபத்தைந்து குத்துகளில் நின்று, குத்துக்கு நாலு இலை வீதம் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இலைகளைப் பார்க்கவேண்டும். தெரிந்தெடுத்தால் கண் தானாகவே வெளுத்த இலைக்குப் போகும். நூறு இலையில் எத்தனை வெளுத்தன என்பதே கணக்கு. பயிர் வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்தும், கண்ணாடி இலைப் பருவத்தில் நூற்றுக்கு ஐந்தும் எட்டினால்தான் மருந்துச் செலவு செய்யத் தகும். அதற்குக் குறைந்தால், மிச்சப்படும் நெல்லின் விலை மருந்துக்கும் கூலிக்கும் ஈடாகாது. நட்ட முதல் முப்பது நாற்பது நாளில் இலை இழப்பைப் பயிர் புதிய இலை விட்டுத் தானே ஈடுசெய்துகொள்வதாகப் பல தேசங்களில் நடந்த பரீட்சைகள் காட்டியுள்ளன.

அன்று எண்ணியதில் நூற்றுக்கு ஆறு. ஆனால் கீழ்க்கரையில் தென்னந்தோப்பின் நிழல் விழும் ஒரு மா நிலத்தில் மட்டும் பதினான்கு. அங்கே நிழலோடு யூரியாவும் சற்று அதிகமாக விழுந்திருந்தது. கருகருவென்று தழைத்த பயிரையும் நிழலையும் இலைச்சுருட்டி மிகவும் விரும்பும். தம்பி மகன் வாங்கிவந்த மருந்து திரும்பக் கடைக்குப் போயிற்று. அந்த ஒரு மா நிலத்துக்கு மட்டும், மூன்றரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, எழுபது லிட்டர் ஜலத்தில் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மறுநாள் மாலை தெளித்தார்கள். ஏனைய நிலத்தில் இருவர் இரு வரப்பில் நின்று முட்கிளை கட்டிய கயிற்றைப் பயிரின்மேல் இழுத்தனர். சுருண்ட இலைகள் பிரிந்தன. பயிருக்குள் ஒளிந்திருந்த அந்துப்பூச்சிகள் கிளம்பின. கழிகளில் காத்திருந்த கரிச்சான்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டன. கயிறு இழுக்கும் சத்தம் கேட்டால் கரிச்சான்கள் தாமாகவே வந்து கூடுவதை மூன்றாம் முறை இழுத்தபோது பையனே பார்த்துச் சொன்னான்.

மருந்தைத் திருப்பியதற்குக் காரணம் சிக்கனம் மாத்திரமன்று. புகையானின் முட்டை நெல்லின் தாளுக்குள் புதைந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தீண்டுவதில்லை. சிலந்தியும் ஊசித்தட்டானும் மற்ற இரைதின்னிகளும் வெளியே திரிவதால் முதலில் மாள்கின்றன. பத்து நாளில் முட்டை பொரித்துக் குஞ்சு வரும்போது அவற்றைத் தின்ன ஒருவருமில்லை. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடிக்கவேண்டாம் என்று சொல்வது இதனாலேயே. கேரளத்தில் குட்டநாட்டுப் பகுதி 1973-74-ல் புகையானால் பெருநஷ்டம் அடைந்தது. இந்தோனேசியாவில் இப்பூச்சியின் தொல்லை பொறுக்கமாட்டாமல், 1986-ல் அத்தேசத்து அரசாங்கம் நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. தூருக்கு ஒரு புகையான் கண்டால் மருந்து தேவை, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்று இந்நாட்டில் வழங்கும் கணக்கும் இந்த உண்மையின்மேல் எழுந்ததே. சிலந்தியை எண்ணாதவர் புகையானை எண்ணிப் பயனில்லை.

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நெல் விவசாயிக்குச் சொல்லவேண்டியது சொற்பம். நெல்லில் இரண்டொரு வகையின் புழுக்கள் இலை தின்னும். கொம்புபோன்ற தலையுடைய பச்சைப்புழு அவற்றுள் ஒன்று. அவற்றால் கவலைப்படத்தக்க நஷ்டம் சாதாரணமாக உண்டாவதில்லை. கொல்லையில் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை வைத்திருப்போர் கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சியைக் கவனிக்கவேண்டும். அதன் இளம்புழு பறவை எச்சம்போல் காணப்படும். வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவட்டை நீட்டி நாற்றம் வீசும். சிறு கன்றுகளில் கையால் பொறுக்கி அழிப்பதே போதும். மாதுளை பயிரிடுவோரின் நிலைமை வேறு. காயைத் துளைத்து உள்ளே தின்று அழுகச் செய்யும் புழு அழகிய ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் சந்ததியே. உளுந்து, தட்டைப்பயறு முதலியவற்றின் பூவிலும் காயிலும் நீலச் சிறகுள்ள மற்றொன்று முட்டையிடுகிறது. இவ்விரண்டையும் நண்பரென்று சொல்வதற்கில்லை.

ஆனால் வைகாசி மாதத்தில் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், சித்திரை வைகாசியில், நீலமும் கறுப்புமான வண்ணத்துப்பூச்சிகள் மேற்கு மலைகளிலிருந்து சமவெளியையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் நோக்கிச் சாரிசாரியாகச் செல்லும். ஐப்பசி கார்த்திகையில் திரும்பிவரும். வழியில் கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளைக் கண்டால் மொய்த்துக்கொள்ளும். ஆண் பூச்சிகள் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய ஒரு சத்தை அச்செடிகளிலிருந்து எடுத்துக்கொள்வதே காரணம். அச்செடிகளைத் தின்று அழிப்பதாக எண்ணி விரட்டவேண்டுவதில்லை. 2019-ல் ‘தமிழ் மறவன்’ என்னும் வண்ணத்துப்பூச்சி தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அது மலைக்காட்டு ஜாதி. தஞ்சை வயலில் தேடிப் பயனில்லை.

பறவைகள் விவசாயிக்கு நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா என்ற கேள்வி புதிதன்று. பீகாரில் பூசா என்னும் ஊரிலிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மேசன் என்பவர் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து, அவற்றிலிருந்த தானியத்தையும் பூச்சிகளையும் தனித்தனியே எண்ணினார். அக்கணக்கு மாக்ஸ்வெல்-லெப்ராய் என்பவரின் துணையோடு 1912-ல் வெளியாயிற்று. கண்ணால் கண்டு பழி சுமத்துவதைவிட இரைப்பையைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமன்றோ? சீன தேசத்தில் 1958-ல் தானியம் தின்பது ஒன்றையே கருதிச் சிட்டுக்குருவிகளைக் கொன்று குவித்தனர். சிட்டு தன் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையுமே ஊட்டும் என்பது மறக்கப்பட்டது. பூச்சிகள் பெருகின. 1960-ல் அந்தக் கட்டளையிலிருந்து சிட்டுக்குருவியை நீக்கி, அதனிடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர்.

நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறான திருஷ்டாந்தம் வேடந்தாங்கல். ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த ஜலம் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அனுபவத்தில் அறிந்திருந்தனர். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். அது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1858-ல் அவ்வுத்தரவு மீண்டும் உறுதி செய்யப்பட்டது. பறவைகளின்மேல் கொண்ட பிரியத்தைவிடப் பயிரின்மேல் கொண்ட அக்கறையே அவர்களை அவ்வளவு தூரம் நடக்கவைத்தது எனலாம்.

குடமுருட்டிக் கரை மிராசுதாரின் நோட்டில் மாதத்தின் பிற்பகுதியில் பனைமரங்களைப் பற்றிய குறிப்புகள் மிகுகின்றன. பட்டுப்போன ஒரு மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை. மற்றொன்றில் கூகை. உயிருள்ள பனையின் மட்டைகளில் தூக்கணாங்குருவி நெல் இலையைக் கிழித்துக் கூடு பின்னத் தொடங்கியிருந்தது. கூகையின் சத்தம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மரத்தை வெட்டிவிடச் சொன்ன உறவினருக்கு அவர் பதில் சொல்லவில்லை. அடியில் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கிவந்து, நீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளிருந்த எலி மண்டையோடுகளை முற்றத்தில் வரிசையாக வைத்தார். கூகை விழுங்கிய எலியின் எலும்பையும் மயிரையும் ஜீரணிக்காமல் உருண்டையாக்கிக் கக்கிவிடும். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவருக்குக் கூலி கொடுத்துப் பழகிய உறவினர், மண்டையோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அப்பேச்சை விட்டார். எலிக்கு விஷம் வைப்போர், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதைக் கிராம அதிகாரிகள் அறிவர். பட்ட பனைதானே என்று எளிதாக எண்ணுவோரிடத்தில், பொந்துள்ள பட்ட பனையே பறவைக்கு அதிக உபயோகமுள்ளது என்று எடுத்துச் சொல்வது நலம்.

எல்லாப் பறவைகளும் உபகாரிகள் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். பால் பிடிக்கும் கதிரில் சில்லைகள் கூட்டமாக இறங்கினால் நஷ்டமே. பஞ்சுருட்டான் அந்துப்பூச்சியோடு தேனீயையும் தும்பியையும் தின்கிறது. தும்பியும் தேனீயை விடுவதில்லை. மயிலைப் பற்றிய மனத்தாங்கல் இக்காலத்தில் எங்கும் கேட்கப்படுகிறது. அதில் பொய் இல்லை. நாற்றங்காலில் புகுந்து விதையைக் கிளறியும், விளைந்த கதிரை உருவியும் அது உண்டாக்கும் சேதத்தை அனுபவித்தவரே அறிவர். ஆயினும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மயிலைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். விஷம் தோய்த்த தானியம் வைப்பதும் அதில் அடங்கும். நாற்றங்காலின்மேல் வலை விரித்தல், மின்னும் நாடா கட்டுதல், விடியலிலும் அந்தியிலும் ஆள் வைத்தல் ஆகியவையே வழி. அவை முழுப் பரிகாரம் அல்ல.

வைகாசி 17-ந் தேதி எண்ணியபோது நூற்றுக்கு எட்டு. தம்பி மகன் ஒன்றும் சொல்லாமல் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தான். பத்து ஆனால் அடிப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டு, மீண்டும் கயிறு இழுத்தனர். 20-ந் தேதியன்று வேம்பிலிருந்து மூன்று கரிச்சான் குஞ்சுகள் வெளிவந்து கழிகளில் வரிசையாக உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. 24-ந் தேதி எண்ணியதில் நூற்றுக்கு ஐந்து. தென்னை நிழலிலிருந்த ஒரு மாவில் ஒன்பது. புதிய இலைகள் சுத்தமாக வந்தன. குத்துகளைத் தட்டிப் பார்த்ததில் நாலைந்து குத்துக்கு ஒரு புகையானும், ஏறக்குறைய ஒவ்வொரு குத்திலும் ஒரு சிலந்தியும் காணப்பட்டன.

வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12, வைகாசி 29-ல் வந்தது. திறந்த நீர் கல்லணை வந்து குடமுருட்டியில் தலைகாட்ட இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் தம்பி வீட்டு நாற்றங்காலுக்கு உழவு நடந்தது. டிராக்டரின் பின்னே உண்ணிக்கொக்குகளும் மைனாக்களும் கூட்டமாக வந்து புரண்ட மண்ணில் கிடைத்த புழுக்களைப் பொறுக்கின. பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டபடியால், தும்பிக் கணக்கை எழுதும் பொறுப்பு தம்பி மகனிடம் வந்து சேர்ந்தது. ஆனி இரண்டாம் வாரத்தில் குறுவையில் கதிர் வெளிப்படத் தொடங்கியதும், தானியம் தின்னும் பறவைகளுக்கு அக்கழிகள் ஆசனமாகாதபடி எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். தம்பி மகன் அவற்றைத் தோளில் சுமந்துகொண்டுபோய், ஆற்று நீரில் புதிதாக நட்டிருந்த தன் தகப்பனார் வயலில் பதினைந்தடிக்கு ஒன்றாக ஊன்றத் தொடங்க, கரிச்சான் ஒன்று அவன் ஊன்றி முடித்த முதல் கழியிலேயே வந்து உட்கார்ந்தது.